குளிக்கும்போது ஸ்மார்ட் ரிங்கைக் கழற்றினார்... 14 இஎம்ஐ மிச்சம்!



போன மாதம் நாகூரில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். சென்னையில் ஐடி வேலை பார்க்கும் அவன் தம்பியும் லீவுக்கு வந்திருந்தான். ஆள் முகமே சரியில்லை. "என்னப்பா?" என்று கேட்டால், "ஸ்மார்ட் ரிங் போயிடுச்சுண்ணே" என்றான். குளிக்கப் போகும்போது கழற்றி, பாத்ரூம் ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறான். துண்டை இழுத்தபோது அது கீழே விழுந்து, சோப்புத் தண்ணீரோடு ஓடிவிட்டது. தண்ணி போற குழாயைக் கழற்றிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னுதானே டப்பாவில போட்டிருக்கான்?"

"போட்டிருக்கான்தாண்ணே. ஆனா 24,000 ரூபா பொருளாச்சே, பயமா இருந்துச்சு."

அந்தப் பயம்தான் இந்தப் பதிவு. மாசம் 1,000 ரூபாய் வீதம் 24 மாத இஎம்ஐ. 10 கட்டியாச்சு, 14 பாக்கி. மோதிரம் சாக்கடையில், தவணை மட்டும் அக்கவுண்டில்.

முதலில் நேரடிக் கேள்விக்கு வருவோம். குளிக்கும்போது போடலாமா? என் பதில்: வழக்கமான குளியலுக்குப் போடலாம். 2023-ல் 8,999 ரூபாய்க்கு வந்த போட் ஸ்மார்ட் ரிங்கில் 5 ஏடிஎம் என்று இருந்தது. 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த சாம்சங் கேலக்ஸி ரிங், அப்போதைய விலை 38,999 ரூபாய், 10 ஏடிஎம். இது பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லைங்க, தண்ணீரின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு. ஒரு ஏடிஎம் என்பது சுமார் 10 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தம். உங்க ஷவர் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அந்தச் சோதனை நடப்பது புது மோதிரத்தில், நல்ல தண்ணீரில். சோப்பு, ஷாம்பு, கொதிக்கிற கீசர் தண்ணீர், உப்பு இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதனால் குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி, மோதிரத்தையும் விரலையும் துடைத்து உலர விடுங்க. அடியில் சோப்பு தங்கினால் தோல் அரிக்கும். சில்லடி கடற்கரையில் குளிக்கப் போகிறீர்களா? மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். கடலில் போனது போனதுதான்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரே விதி: மோதிரத்துக்கு இரண்டே இடம்தான், ஒன்று விரல், இன்னொன்று சார்ஜர். குளிக்கிற பத்து நிமிஷம் ரூமில் சார்ஜ் ஏறட்டும். ஜன்னல் திட்டு, சோப்பு டப்பா, சட்டைப் பை எதுவும் வேண்டாம்.

இனி என் ஏரியாவுக்கு வருகிறேன். ஒரு ஆடிட்டராக எனக்கு உறுத்தும் விஷயம், கடன் காலமும் வாரண்டி காலமும் பொருந்தாமல் இருப்பதுதான். வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம். இஎம்ஐ 24 மாதம் என்றால், இரண்டாவது வருஷம் முழுக்க வாரண்டியே இல்லாத பொருளுக்குத் தவணை கட்டுறீங்க. தொலைந்து போனால் வாரண்டி முதல் நாளிலிருந்தே உதவாது.

"நோ காஸ்ட் இஎம்ஐ தானே சார்" என்பீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலும் பிராசசிங் கட்டணமும் உண்டு. ஸ்டேட்மெண்டைத் திறந்து பாருங்க.

அடுத்து ஆயுள். இதன் குட்டி பேட்டரியை மாற்ற முடியாது. கேலக்ஸி ரிங்கைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, இது உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடும் பொருள்தான் என்றது. இரண்டு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 38,999 ரூபாய் மோதிரத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 53 ரூபாய் செலவு. 8,999 ரூபாய் என்றால் சுமார் 12 ரூபாய். இதை "ஆரோக்கியத்தில் முதலீடு" என்று சொல்லாதீங்க. இது செலவு. செலவு செய்வது தப்பில்லை, பெயர் மாற்றிச் செய்வதுதான் தப்பு.

எனவே என் அளவுகோல் இது: இன்றைக்கே சாக்கடையில் போனாலும் எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாமல், அடுத்த மாத வாடகை தள்ளிப் போகாமல் தாங்க முடியுமா? முடியும் என்றால் முழுப் பணம் கொடுத்து வாங்கி, தைரியமாகக் குளிங்க. முடியாது என்றால் அது உங்க சம்பளத்துக்குப் பெரிய மோதிரம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பில்லையும், "தண்ணீரில் அணியலாம்" என்று சொல்லும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே சேமியுங்க. வாரண்டிக்குள் கெட்டு, "தண்ணி போயிடுச்சு" என்று கைவிரித்தால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்க. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது நண்பனின் வாப்பா விரலைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி மோதிரம், ஒரு நாளும் கழற்றியதில்லையாம். "இதுக்கு சார்ஜும் வேணாம், தவணையும் இல்லை" என்று சிரித்தார்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு 5-ஆம் தேதி டெபிட்.