கை நழுவிய தம்ளர்



சென்ற இரண்டு இதழ்களில் இப்பகுதி வெளிவராதது குறித்து அன்பர்கள் சிலர் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், "எழுத விஷயம் தீர்ந்துவிட்டதோ?" என்று வேடிக்கையாக வினவியிருந்தார். விஷயம் தீரவில்லை. என் மனைவி நோயுற்றாள். எழுதும் மனநிலை எனக்கு இல்லாது போயிற்று. இப்போது அவள் நலமாயிருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினால், நம் வாசகர் குடும்பங்களில் ஒன்றுக்காவது பயன்படக்கூடும் என்று தோன்றுகிறது.

திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் அது. காலைத் திருப்பலி கண்டு திரும்பி, நான் திண்ணையில் நாளிதழுடன் அமர்ந்திருந்தேன். உள்ளே தம்ளர் ஒன்று விழுந்து உருளும் ஓசை கேட்டது. "என்ன அங்கே?" என்றேன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. பதில் இல்லை. மறுமுறை கேட்டும் பதில் வராததால் எழுந்து சென்றேன்.

அடுப்பு மேடையை இடக்கையால் பற்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். வலக்கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் காப்பி. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாக்குத் தடித்தவர் பேசுவதுபோல் சொற்கள் குழறி வந்தன. வாயின் வலது ஓரம் சற்றே கீழே இழுபட்டிருந்தது. நாற்பத்தோராண்டுகளாக நான் பார்த்த முகம், அந்தக் கணத்தில் வேறொருவர் முகமாகத் தோன்றிற்று.

பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் இருந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் மயங்கி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுச் சமையற்கட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளை நாற்காலியில் அமர்த்தினேன், விசிறினேன், உள்ளங்காலைத் தேய்த்தேன். சுக்குக் காப்பி போட்டு வாயில் ஊற்றினேன். அதில் பாதி வெளியே வழிந்தது. பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழிந்திருக்கும்; விரல்கள் அசைந்தன, பேச்சும் மெல்லத் தெளிந்தது. "ஒன்றுமில்லைங்க, பித்தம் போலிருக்கிறது. நேற்று ஒருசந்தி இருந்தேன் அல்லவா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆசையாயிருந்தது. ஆகவே நம்பினேன். அவள் துணியெடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கினாள். நான் திண்ணைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து நாளிதழைப் படித்தேன்.

எட்டு மணியளவில் பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரம் ஒன்றைத் திருப்பித் தர வந்தாள். என்னிடம் படித்தவள்; இப்போது செவிலியாகப் பணிபுரிகிறாள்; இரவுப் பணி முடிந்து வந்திருந்தாள். என் மனைவி சிரித்துக்கொண்டே காலையில் நடந்ததைச் சொல்ல, அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சார், சட்டையை மாட்டுங்கள். உடனே கிளம்பவேண்டும்" என்றாள். ஆசிரியனுக்கு ஆணையிடும் குரல் அது. "இப்போதுதான் சரியாகிவிட்டதே அம்மா" என்றேன். "சரியாகிவிட்டதனால்தான் சார் அவசரம்" என்று சொல்லியவாறே 108-ஐ அழைத்தாள். நான் மறுக்காமல் சட்டையை மாட்டினேன்.

மருத்துவமனையில் இளைஞரான மருத்துவர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். அம்மா கடைசியாக முழு நலத்துடன் இருந்தது எத்தனை மணிக்கு? பேச்சும் கையும் எவ்வளவு நேரம் பாதிக்கப்பட்டிருந்தன? வழக்கமாக என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்? முதலிரண்டிற்கும் தோராயமாகச் சொன்னேன். மூன்றாவதற்கு, "ஏதோ இரத்த அழுத்தத்திற்கு வெள்ளை மாத்திரை ஒன்று" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரத்த அழுத்தம் 190-க்கு 110 இருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்தின் ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள், கழுத்து இரத்தக்குழாய்களையும் சோதித்தார்கள். மாலையில் மருத்துவர் என்னை அமரவைத்து விளக்கினார். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்றைச் சிறு இரத்தக் கட்டி சிறிது நேரம் அடைத்துப் பின் தானே விலகியிருக்கிறது. இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள். அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் மறைந்துவிடும். மறைந்துவிடுவதே இதிலுள்ள வஞ்சகம். இதன் பின்னே முழுப் பக்கவாதம் வரக்கூடும். அந்த அபாயம் முதல் இரண்டு நாள்களில்தான் மிக அதிகம். நான் பித்தம் என்று நம்பி நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நேரமும் அதற்குள் அடக்கம்.

அவர் சொன்ன வேறு சிலவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். அடைப்பு நீங்காதவர்களுக்கு அதைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கக்கூடுமாதலால் வாயில் எதையும் ஊற்றலாகாது. என் சுக்குக் காப்பி மூச்சுக்குழலில் இறங்கியிருந்தால் அதுவே தனி ஆபத்தாகியிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடாது. வந்திருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். கசிவாயிருந்தால் அம்மருந்து கேட்டைப் பெருக்கும்.

அன்று பிற்பகல் அந்தச் செவிலிப்பெண் எங்கள் வீட்டுக்குச் சென்று, மனைவி மாத்திரை வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். அதைத் திறந்து எண்ணிப் பார்த்த மருத்துவர், "இந்த மாத்திரை இவ்வளவு மீதியிருக்கக் கூடாதே!" என்றார்.

இரவு பத்து மணிக்கு மேல், விளக்கைத் தணித்த பிறகு, அவளிடம் கேட்டேன். எட்டு மாதங்களாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிட்டு வருவதாகச் சொன்னாள். ஏன் என்றேன். முதலில், "உடம்பு நன்றாகத்தானே இருந்தது" என்றாள். நான் விடவில்லை. பிறகு சொன்னாள். மகளின் இரண்டாவது பிரசவச் செலவு வந்த மாதத்தில், நான் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, "மருந்துக்கு மட்டும் இவ்வளவா?" என்று கேட்டேனாம்.

மாதம் பிறந்ததும் ஓய்வூதியத்தில் ஒரு தொகையை எண்ணி அவள் கையில் கொடுப்பதும், மாதக் கடைசியில் நோட்டை வாங்கிச் சரிபார்ப்பதும் திருமண நாள் முதல் என் வழக்கம். அவளுடைய மருந்து அந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்தது. என் சர்க்கரை வியாதி மாத்திரைகளை நானே தனியாக வாங்கிக்கொள்வேன். அவற்றுக்குக் கணக்குக் கேட்பார் எவருமில்லை. அப்படியொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. கேட்டவனுக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. அவளோ எட்டு மாதம் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறாள். "வேறெதில் குறைக்கிறதுங்க? உங்கள் சாப்பாட்டிலா குறைக்க முடியும்?" என்றாள். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

இதில் இன்னொரு வேதனை. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை வியாதிக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விலையின்றிக் கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அவை கிடைத்தன. எங்கள் தெருவிற்கும் ஊழியர் வந்து கேட்டபோது, "நாங்கள் ஓய்வூதியக்காரர்கள், வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியவன் நான்தான்.

மறுநாள் பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் கொடுக்கலாமா என்று கேட்டார். துணைக்கு வந்திருந்த என் மைத்துனி, "ஐயோ சாமி, அக்காளுக்கு அவ்வளவு மோசமா?" என்று அலறிவிட்டாள். அவஸ்தைப்பூசுதல் என்று நம் முன்னோர் அழைத்த அச்சம் இன்னும் நீங்கவில்லை. பெருநோயுற்றோர், முதுமையில் தளர்ந்தோர் யாவருக்கும் உரியது அது, சாகும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் அன்று என்பதைத் தெளிவாக்கித் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இலேயே ஒழுங்குமுறை வகுத்துவிட்டார். என் மனைவி எண்ணெய் பூசப்பெற்று, "சாமி, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே உபசரித்தாள்.

நான்காம் நாள் வீடு திரும்பினோம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. வீட்டில் நான் மட்டுமே. இரவில் இரண்டு முறை, மூன்று முறை எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அவள் வார்த்தை தேடிச் சற்றுத் தயங்கினால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோலம் போடக் குனியாதே, வாளி தூக்காதே, மாடிப்படி ஏறாதே என்று நாள் முழுதும் தடையுத்தரவு. பத்து நாள் பொறுத்திருந்தாள். பதினோராம் நாள் கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்துவிட்டு, "நான் இன்னும் சாகவில்லைங்க. செத்தவளைப்போல் என்னைப் பார்க்காதீர்கள்" என்றாள். அன்று மாலை வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவரிடமே கேட்டோம். நடக்கட்டும், வீட்டுவேலை செய்யட்டும், அழுத்தத்தை மட்டும் மாதந்தோறும் அளந்துவாருங்கள் என்றார். என் தடையுத்தரவுகளில் முக்கால்வாசி அங்கேயே தள்ளுபடியாயின.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், நன்றி. அவற்றோடு, இதே போல் வந்து மூன்றாம் நாள் இறந்துபோன மாமன், பேச்சிழந்து ஆறாண்டு படுத்திருந்த சித்தி என்று கதைகளையும் கொண்டுவந்தார்கள். நோயாளியைச் சந்திப்பது நற்செயல்தான். கதைகளை மட்டும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரலாம்.

உணவில் உப்பைக் குறைக்கவேண்டியதாயிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் வீட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றைக் கூட்டிப்பார்த்தால் காலைச் சிற்றுண்டியோடேயே அது தீர்ந்துவிடும் போலிருந்தது. எனக்கு ஒரு குழம்பு, தனக்கு ஒரு குழம்பு என்று அவள் இரண்டு சட்டி வைக்க முற்பட்டாள். ஒரே சட்டி போதும் என்றேன். முதல் வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்பது உண்மை. இப்போது பழகிவிட்டது, கருவாட்டின்மேல் மட்டும் இன்னும் சபலம்.

மகன் தொலைபேசியில், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னுடன் கோயம்புத்தூருக்கு வந்துவிடும்படி வற்புறுத்துகிறான். இப்போதைக்கு இல்லை என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

ஆனால் அவன் பேச்சால் ஒன்று நிகழ்ந்தது. விழுந்தது நானாக இருந்தால் இவள் என்ன செய்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். வங்கிப் புத்தகம் எங்கே, காப்பீட்டு அட்டை எங்கே, ஓய்வூதியக் கொடுப்பாணை எங்கே, எனக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரிடம் எழுதவேண்டும் என்று அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஏ.டி.எம். அட்டையை அவள் கையால் தொட்டதில்லை. எனக்கு அவளுடைய மாத்திரையின் பெயர் தெரியாதது போலத்தான். ஒரு ஞாயிறு பிற்பகல் இரும்புப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினோம். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பிறகு நான் கேட்க அவள் சொன்னாள்: பருப்பு எதில், காஸ் புத்தகம் எதில், பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி. மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை இருவருக்குமாகப் பெரிய எழுத்தில் எழுதி, சமையற்கட்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். காலையிலும் இரவிலும் இருவரும் எதிரெதிரே அமர்ந்தே விழுங்குகிறோம். சிறுபிள்ளைத்தனம் என்று அவள் சிரிக்கிறாள், விழுங்குகிறாள்.

கணக்கு நோட்டு இப்போதும் உண்டு. ஆனால் இருவர் மருந்தும் அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன; ஓய்வூதியம் வந்தவுடன் முதற்செலவாகத் தனி உறையில் போட்டுவிடுகிறோம்.

இக்கட்டுரையை அனுப்புமுன் அவளிடம் படித்துக் காட்டினேன். மாத்திரை விஷயத்தை எழுதியது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுக்குக் காப்பி ஊற்றிய இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். தலைமை ஆசிரியரைப் பற்றி ஊரார் என்ன நினைப்பார்கள் என்று கவலை. நான் எடுக்கவில்லை.