குளிர்கால விடுப்பும் கோம்பை நாயும்

மார்கழி நெருங்கினால் நண்பர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்த வருடம் எந்த மலைக்கு?" சில ஆண்டுகளாகவே எங்கள் பதில் ஒன்றுதான். எந்த மலைக்கும் இல்லை. தை பிறந்து பத்து நாள் கழிந்ததும் ஒரு வேனில் பாய், தலையணை, அடுப்பு, பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள், ஒரு நாய் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு பண்ணைப்புரத்துக்குப் போகிறோம். மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். இதைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, நாய் வளர்ப்பவர்களாக இருந்தால், தனியே வந்து விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முன்கதையைச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் இருந்தது. ஒரு டிசம்பரில் அதை நாய்கள் காப்பகம் ஒன்றில் விட்டுவிட்டு மலைவாசத்தலம் ஒன்றுக்குச் சென்றோம். ஐந்து நாள்தானே என்று எண்ணினோம். திரும்பியபோது அது விலா எலும்பு தெரிய நின்றது. நாங்கள் சென்ற நாளிலிருந்து அது உணவைத் தொடவில்லை என்பதை எங்களுக்குத் தெரிவிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பத்து நாளில் இறந்துபோனது. வயதான நாய், எப்படியும் போயிருக்கும் என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். அந்த ஆறுதலை நாங்கள் முழுமையாக ஏற்கவில்லை. இப்போதிருக்கும் செவலைக்குப் பதினொரு வயது. பின்னங்கால் மூட்டுகளில் வாதம். அதை விட்டுவிட்டுப் போவதில்லை என்பது வீட்டில் முடிவான விஷயம். ஆகவே விடுப்பு எங்கே என்பதைச் செவலையின் மூட்டுகள்தாம் தீர்மானிக்கின்றன.

மூட்டு வலி உள்ள நாயைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்வது அறிவுடைமை ஆகாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மார்கழி இரவு எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் நாயை விடுங்கள், மனிதர்களாகிய நாம் குளிர்காலத்தில் எதற்காகக் குளிரைத் தேடிப் போகிறோம்? 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியது சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிப்பதற்காக. கோடைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஊருக்கு, மலைக்குப் போவதே விடுப்பு என்ற வழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டதால், டிசம்பரிலும் கம்பளி வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டில் இப்படிச் செய்வதில்லை. வண்டியையே வீடாக்கிக்கொண்டு குளிர்காலத்தில் புறப்படுகிறவர்கள் அங்கே கார்ன்வால், டெவன் என்று தென்மேற்குக் கடற்கரையை நாடுகிறார்கள். கடலின் புண்ணியத்தால் அங்கே குளிர் சற்று மட்டுப்படும். கோடையில் நாய்களுக்குத் தடை போடும் கடற்கரைகள் பலவும் குளிர்காலத்தில் அவற்றை அனுமதிக்கின்றன. அவர்கள் இதமென்று கொண்டாடும் கார்ன்வாலின் ஜனவரிப் பகல் ஏறக்குறைய நம் கொடைக்கானலின் மார்கழி இரவுதான். இதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் குளிர்காலத்தில் இதத்தைத் தேடுவது என்ற அவர்களுடைய நியாயம் நமக்கும் பொருந்தும்.

நமக்கு அந்த இதம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறு. தை மாதத்தில் பகல் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் ஒரு போர்வை போதும். ஆனால் மாதத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆடியில் போனால் கணவாய் வழியாக வரும் காற்று பாத்திரத்தைக்கூட அடுப்பில் நிற்கவிடாது. கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரஜோதி வரை கம்பம், கூடலூர், குமுளிச் சாலை சபரிமலை வாகனங்களால் நிறைந்திருக்கும். கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் பாதையாகத் திருப்பிவிடுவதும் உண்டு. தீபாவளி, புத்தாண்டு வெடிகளும் நாய்க்கு ஆகாது. இவை யாவும் ஓய்ந்து, பொங்கல் கூட்டமும் கலைந்த பிறகு, தை பத்திலிருந்து மாசி பிறக்கும்வரை உள்ள இருபது நாள்தான் எங்கள் கணக்கு. வயலில் ஈரம் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். சாலையில் நெரிசல் இராது.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுடையது பழைய வேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியின் அமைப்பைத் தன்னிச்சையாக மாற்றுவதை அனுமதிப்பதில்லை. எனவே எதையும் வெட்டி ஒட்டவில்லை. கழற்றி மாட்டக்கூடிய பலகைக் கட்டில் ஒன்று, தண்ணீர்க் கேன்கள், ஒரு சாக்குப்படுதா, அவ்வளவே. ரயிலில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மீட்டர் கேஜ் காலத்துக்குப் பின் நெடுநாள் மூடிக் கிடந்த போடி ரயில் பாதை 2023 ஜூன் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் குளிர்சாதன முதல் வகுப்பில் ஒரு கூபேயை முழுதுமாக எடுத்தால்தான் நாய் நம்மோடு வரலாம். இல்லையேல் கார்டு வண்டியின் கூண்டுக்குள் தனியே வரவேண்டும். பதினொரு வயது நாய்க்கு அது தண்டனை. மேலும் இது புதிதாக முளைத்த ஆசையும் அன்று. சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் நம் பாட்டன்மார். சோறு, சட்டி, பிள்ளைகள் எல்லாம் வண்டிக்குள்ளே. வண்டியின் நிழலில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, வீட்டு நாய் நடந்து வரும். யாரும் அதற்கு அனுமதி கேட்டதில்லை.

இன்று கேட்க வேண்டியிருக்கிறது. முதல் ஆண்டு தேனி முதல் கம்பம் வரை ஏழு விடுதிகளைத் தொலைபேசியில் விசாரித்தோம். ஏழிலும் ஒரே பதில்: "நாய்க்கு அனுமதி இல்லீங்க." எந்த நாய், எவ்வளவு பெரியது, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்ற கேள்வி ஒருவரிடமும் இல்லை. இதில் எங்களைத் தைத்தது வேறொன்று. பண்ணைப்புரத்திலிருந்து உத்தமபாளையம் போகும் சாலையில் சில கிலோமீட்டரிலேயே கோம்பை வந்துவிடும். செம்பழுப்பு உடலும் கறுத்த முகமுமாய், காட்டு விலங்குகளிடமிருந்து மாட்டையும் தோட்டத்தையும் காத்து நின்ற நாயினத்துக்குப் பெயர் தந்த ஊர் அது. எங்கள் செவலையும் அந்தக் குலமே. சு. தியடோர் பாஸ்கரனின் 'இந்திய நாயினங்கள்' நூலைப் படித்தவர்களுக்கு நம் நாட்டு நாய்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெருமை பேசுகிறோம். அந்த நாய் தன் சொந்த மண்ணுக்கு விருந்தாளியாக வந்தால் படுக்க ஒரு திண்ணை இல்லை. நாயை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கத்துக்குள் விடுகிறேன் என்று இந்திரன் சொன்னபோது தருமன் வாசலிலேயே நின்றுவிட்டான். எங்களுக்கு அவ்வளவு மன உறுதி இல்லை. வேன் இருந்தது.

எல்லாத் தடையையும் நாங்கள் எதிர்ப்பதாக எண்ணிவிட வேண்டாம். சுருளி அருவியைச் சூழ்ந்த காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. குமுளியைத் தாண்டினால் பெரியார் புலிகள் காப்பகம். இங்கெல்லாம் நாயைக் கொண்டுபோகக் கூடாது. இது நூற்றுக்கு நூறு சரியான விதி. நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்ற நோய் 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோயிற்று. 2018இல் குஜராத்தின் கிர் காட்டிலும் அதே நோய்க்குச் சிங்கங்கள் பலியாயின. எங்கள் வீட்டுச் செல்லம் என்பதற்காகப் புலியின் வீட்டுக்குள் நோயை அழைத்துச் செல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. ஆகவே எட்டு நாளில் ஒரு நாள் முறை வைத்துக்கொண்டு பாதிப்பேர் அருவிக்குப் போகிறோம். மீதிப்பேர் தோப்பில் நாயோடு இருக்கிறோம். அப்போதும் நாயை வேனுக்குள் பூட்டிவைப்பதில்லை. வெளியே முப்பது டிகிரி இருந்தால், மூடிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிவிடும். இதமான மாதத்திலும் இது உயிர்போகும் விஷயம்.

பள்ளத்தாக்கு நாய்க்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று சொன்னால் அது பொய். கம்பம் என்றால் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பந்தல் பந்தலாகக் கறுத்துத் தொங்கும் அந்தப் பழம் மனிதருக்கு அமுதம், நாய்க்கு நஞ்சு. சில நாய்களுக்குச் சில பழங்களே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எத்தனை பழம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று கால்நடை மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. சாலை ஓரப் புளியமரங்களில் பழம் உதிரும் பருவமும் தையை ஒட்டியே தொடங்குகிறது. பந்தல்களுக்கு மருந்தடிப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். எனவே நடைக்குப் போகும்போது கயிறு கையில் இருக்க வேண்டும். வாய் தரையில் எதைத் தேடுகிறது என்பதில் கண் இருக்க வேண்டும். அடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. இரவில் நாய் வண்டிக்குள் நம்மோடு படுக்க வேண்டும், வெளியே மரத்தில் கட்டப்படக் கூடாது. ஊர் நாய்கள் தங்கள் தெருவை விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே தெரு வழியே போகாமல் வாய்க்கால் வரப்பில் போகிறோம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று எப்போதும் பையில் இருக்கிறது.

இத்தனை எச்சரிக்கைக்கும் பிறகு கிடைப்பது என்ன? இசைஞானி பிறந்த ஊர் என்பதற்காகப் பண்ணைப்புரம் வருகிறவர்கள் வீட்டைப் பார்த்து, படம் எடுத்து, அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஆண்டு நாங்களும் அப்படித்தான் கிளம்பியிருப்போம். செவலை மெல்ல நடக்கும், நூறு அடிக்கு ஒரு தரம் உட்காரும். அது உட்காரும் இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். நின்ற இடங்களில் மனிதர்கள் பேசினார்கள். நாயின் வயதைக் கேட்டுத் தொடங்கும் பேச்சு மழையில் புகுந்து, ஏலக்காய் விலையில் ஏறி, பென்னிகுவிக் அணையில் வந்து முடியும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில் வெறும் பாசனம் இல்லை, வீட்டு நடுச்சுவரில் மாட்டப்பட்ட படம் என்பதை நாங்கள் அறிந்துகொண்டது புத்தகத்திலிருந்து அன்று. தோப்பும் அப்படித்தான் வாய்த்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்ட நாயைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர், நாங்கள் தங்க இடம் தேடுவதைக் கேட்டதும் சொன்னார்: "தோப்புல வண்டியப் போட்டுக்கங்கப்பா. நாய் அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது. தோப்புக்கு நாய் வாரது நல்லதுதானே."

அந்தப் பெரியவரின் தாராளத்தை நம்பி ஊரில் எல்லோரும் புறப்பட்டுவிட முடியாது. அதனால்தான் ஏற்பாடு வேண்டும் என்கிறோம். மலைக்கு அந்தப்பக்கம் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை வகுத்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அவை பெரும்பாலும் சொகுசு வண்டிகளை மனத்தில் கொண்டவை. பள்ளத்தாக்குக்கு அவ்வளவு தேவையில்லை. தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் நான்கு வண்டி நிற்க நிழலும், ஒரு குழாயும், சுத்தமான கழிப்பறையும் தந்து நியாயமான வாடகை வாங்கிக்கொண்டால் போதும். விலை சரியும் ஆண்டுகளில் தென்னைக்கும் திராட்சைக்கும் துணையாக ஒரு வருமானமும் ஆகும். விடுதி நடத்துகிறவர்களிடமும் எங்கள் வேண்டுகோள் எளியது. கட்டிலில் ஏறக்கூடாது, தனியே விட்டுப் போகக்கூடாது, சான்று காட்ட வேண்டும், அசுத்தத்தை உடையவரே அள்ள வேண்டும், சேதத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று ஐந்து நிபந்தனை விதியுங்கள். கையெழுத்திட நாங்கள் தயார். நாய் வைத்திருப்போரில் பொறுப்பற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்காக எல்லாக் கதவும் மூடினால், மிஞ்சுவது அந்தக் காப்பகம்தான்.

சென்ற தையின் கடைசி இரவில் செவலை வேனின் படியில் ஏற முடியாமல் நின்றது. தூக்கி ஏற்றினோம். முந்தைய ஆண்டு அது தானாகவே ஏறியது. வரும் தைக்கு ஒரு சாய்பலகை செய்யச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறோம். எந்த மலைக்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போதைக்கு எங்களிடம் உள்ள பதில் அதுவே.