அளவு டேப்பைக் கொஞ்சம் மடித்து வையுங்கள் சார்

நீளமான பதிவு. பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டினால் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்களில் ஒன்றியப் பள்ளிகளில் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் இல்லாததால் விசில் என் கழுத்தில் விழுந்தது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, விளையாட்டு விடுதித் தேர்வு என்று வருஷா வருஷம் பிள்ளைகளை பஸ் ஏற்றி இறக்கியவன். "கூடைப்பந்தைப் பற்றி உனக்கென்ன தெரியும்" என்று கேட்டால், கொஞ்சம்தான் தெரியும். பிள்ளைகளைத் தெரியும்.

நான் பார்த்த கூடைப்பந்துத் தேர்வுகளில் முதல் வேலை உயரம் அளப்பது. செருப்பைக் கழற்று, குதிகாலைச் சுவரோடு ஒட்டு, நிமிர்ந்து நில். ஒரு எண்ணை எழுதுவார்கள். பிறகு ஓட்டம், தாண்டல். பந்து கைக்கு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், தேர்வாளர் மனசுக்குள் பட்டியல் முடிந்திருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஒரு லே-அப் போடச் சொல்வார்கள். அவ்வளவுதான் தேர்வு.

இதில் எனக்கு இரண்டு சண்டை இருக்கிறது.

முதல் சண்டை உயரத்தோடு. "உயரத்தை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது சார்" என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். சரிதான். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பத்தடி. உயரமானவனுக்கு அது பக்கம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பதிமூன்று வயதில் நீங்கள் அளப்பது உயரத்தை இல்லை, யார் முந்தி வளர்ந்தார்கள் என்பதை. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் விறுவிறுவென்று வளர்வார்கள். சராசரி என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போகிறவர்கள் நிறைய. அரைவயிற்றுச் சாப்பாட்டில் வளர்கிற பிள்ளைக்கு இன்னும் தள்ளும். ஆக டேப் எதை எடுத்துக்கொடுக்கிறது? ஜனவரியில் பிறந்ததையும், வீட்டில் முட்டை பால் கண்டதையும். சின்ன வெங்காயம் அறுக்கப் போகிற வீட்டுப் பிள்ளை அந்தச் சுவரிலேயே தோற்றுவிடுகிறது.

ஒரு தேர்வு. எந்த வருஷம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை அழைத்துப் போயிருந்தேன். நாலடி எட்டு அங்குலம். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடவிட்டார்கள். இவள் பந்தைப் பறிகொடுத்தாள். பறிகொடுத்த அதே மூச்சில் திரும்பி ஓடி, தன் பக்கத்து உயரமான பெண்ணைப் பார்த்து, "அக்கா, வளையத்துக்கிட்ட நில்லு, நான் இவளப் பாத்துக்கறேன்" என்று கத்தினாள். அந்தப் பெண்ணை அவளுக்கு அன்று காலையில்தான் தெரியும். தேர்வாளர் என்னிடம், "பொண்ணு நல்லா ஆடுது சார். ஆனா ஹைட் இல்லையே. அம்மா அப்பா உயரமா?" என்றார். அக்கா தேர்வானாள், இவள் என்னோடு பஸ் ஏறினாள். பிளஸ் டூ படிக்கும்போது தெருவில் பார்த்தேன். என்னை விட உயரம். பந்தைத் தொட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.

இது விளையாட்டு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைக்கு விடுதியில் இடம் கிடைப்பது என்றால் நேரத்துக்குச் சாப்பாடு, பன்னிரண்டாவது வரை தடங்கலில்லாத படிப்பு, "எப்ப கல்யாணம்" என்ற பேச்சு நாலு வருஷம் தள்ளிப்போவது. அதற்கப்புறம் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே, வங்கி. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர், தெற்கு ரயில்வேயில் வேலை, 2021-இல் பத்மஸ்ரீ. வாசலில் நிற்கிறவர் கையில் இவ்வளவும் இருக்கிறது.

உயரம் மட்டும் போதுமா என்பதற்குப் பஞ்சாப் பையன் ஒருவன் கதையே போதும். சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம், பல்லோ கே என்ற கிராமம். 2015-இல் என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியன். நாமெல்லாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மறுபக்கம் மக்ஸி போக்ஸ் என்று ஒருவர், ஐந்தடி மூன்று அங்குலம், எங்கள் வெங்கலத்தில் கூட்டத்தில் நின்றால் தெரியமாட்டார். அதே என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். அவர் விதிவிலக்கு என்பீர்கள். ஆமாம். ஏழடிக்காரனும் விதிவிலக்குதானே?

மைக்கேல் ஜோர்டான் கதையை மேடைதோறும் சொல்கிறார்கள், பாதியை விட்டுவிட்டு. 1978-இல் பள்ளியின் பெரிய அணியில் அவருக்கு இடமில்லை, அவரை விட உயரமான சக மாணவனை எடுத்தார்கள். உண்மை. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இளையோர் அணியில் வைத்து அந்த சீசன் முழுக்க ஆடவிட்டார்கள். அதற்கப்புறம் பையன் வளர்ந்தான். நம்மிடம் அந்த இரண்டாம் அணி இல்லை. இங்கே தேர்வானால் விடுதி, இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு. பிள்ளைக்கு விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அந்த இளையோர் அணியைப் பற்றிப் பேசுங்கள்.

இரண்டாவது சண்டை அந்த லே-அப்போடு. நான் கணக்கு வாத்தியார், ஒரு கணக்குப் போடுகிறேன். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று. ஒருவர் கையில் பந்து சராசரியாக நாலு நிமிடம்கூட இருக்காது. மிச்சம் 36 நிமிடம் பந்தில்லாமல்தான் ஓடுகிறார். அந்த 36 நிமிடத்தை எந்தத் தேர்வில் பார்க்கிறீர்கள்? பந்து வராதபோது கண் எங்கே போகிறது, தோழி மாட்டிக்கொண்டால் உதவிக்கு நகர்கிறாளா, தன் தப்புக்கு அடுத்தவளை முறைக்கிறாளா, பறிகொடுத்தபின் இடுப்பில் கைவைத்து நிற்கிறாளா ஓடுகிறாளா. புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்ட பிள்ளையும், தலையாட்டிய பிள்ளையும் தனித்தனியாகத் தெரிவார்கள். நல்ல பயிற்சியாளர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள், நானே கண்டிருக்கிறேன். ஒருவர் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும்போதுதான் நோட்டை எடுப்பார். யார் அடுத்தவருக்கு டம்ளர் நீட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். சிரித்தேன் அப்போது. அவர் எடுத்த பிள்ளைகள் ஆடியதைப் பார்த்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு நாளில் முந்நூறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் சார், எப்படி முடியும்?" என்பார்கள். நியாயமான பேச்சு. அப்படியானால் சண்டை போட வேண்டியது அந்த ஒரு நாளோடு. இரண்டு நாள் கேளுங்கள். முதல் நாள் ஆடவிடுங்கள், டேப்பை இரண்டாம் நாள் மாலை எடுங்கள். நிராகரித்த பிள்ளையின் பெயருக்கு எதிரே காரணத்தை எழுதுங்கள். "உயரம்" என்று எழுதினால், அடுத்த வருஷமும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அளக்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மினி கூடைப்பந்து என்று உலகம் முழுக்க இருக்கிறது. வளையம் 2.60 மீட்டர், பந்து 5-ஆம் எண். எங்கள் பள்ளிக்கு வந்தது பெரிய ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து, அதுவும் காற்றிறங்கி. பத்து வயதுப் பெண் அதைத் தலைக்கு மேல் தூக்குவதற்குள் தோள் இறங்கிவிடும். பிறகு "கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஷூட்டிங் ஃபார்ம் இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

வருகிற மே மாதம் தேர்வு வைக்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் தேதியைக் கமெண்டில் போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவரும் குட்டை. அழைத்துக்கொண்டு வருகிறேன்.