படத்தில் எழுதிய ஒரு வரி

1893-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 11-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் சிகாகோ நகரில் சர்வமத மகாசபையில் எழுந்து பேசினார் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் நின்று பேசிய கட்டிடத்தைப் பற்றி நம்மில் அநேகர் விசாரித்ததில்லை. அது இன்றும் மிச்சிகன் ஏரிக்கு அருகே நிற்கிறது. சிகாகோவின் புகழ் பெற்ற சித்திர சாலை அதில்தான் இருக்கிறது. அது நிற்கும் நிலமோ, எக்காலத்திலும் கட்டிடமே எழும்பலாகாது என்று விதிக்கப்பட்ட நிலம்!

விதித்தவர்கள் கால்வாய் வெட்ட வந்த கமிஷனர்கள். 1836-ஆம் வருஷத்தில், கால்வாய்ச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காக நகரத்து நிலங்களை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். அதற்கு ஒரு படம் வரைந்தார்கள். ஏரியை ஒட்டிய நீண்ட துண்டு ஒன்றை மட்டும் விற்காமல் விட்டு, இது பொது நிலம், கட்டிடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்த வெளியாகவே இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி எழுதி வைத்தார்கள். இதற்காக அவர்களைப் பரம தர்மிஷ்டர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வாசலில் நின்றால் ஏரி தெரியும் என்றால் எதிர் மனைக்கு விலை கூடுமல்லவா? வியாபார புத்தியில் எழுதிய வரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதியது எழுதியதுதான்.

நம் ஊரிலும் இப்படி விட்டு வைத்த நிலத்துக்கு ஒரு பெயர் உண்டு: புறம்போக்கு. தீர்வைக்குப் புறம்பாக, ஏரிக்கும் மேய்ச்சலுக்கும் மயானத்துக்கும் ஊர்ப் பொதுவாக ஒதுக்கிய நிலம் என்பது அதன் பொருள். அந்தச் சொல்லை நாம் இன்று ஒருவனைத் திட்டுவதற்கு உபயோகிக்கிறோம். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தின் மேல் நமக்குள்ள மரியாதை அவ்வளவுதான்!

சிகாகோ வாசிகளின் மரியாதையும் முதலில் இதற்கு மேல் இல்லை. 1852-இல் கரையை அலை அரிக்காமல் தடுப்புச் சுவர் எழுப்பித் தருவதாக ஒரு ரயில்வே கம்பெனி முன்வந்தது. அதற்குப் பதிலாக ஏரிக்குள்ளேயே மரக்கால்கள் நட்டுத் தண்டவாளம் போட்டுக்கொண்டது. 1871-இல் நகரமே தீப்பற்றி எரிந்த பிறகு, வெந்து தணிந்த இடிபாடுகளைக் கரைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கொட்டித் தூர்த்தார்கள். இவ்விதம் நிலம் வளர்ந்தது. அதன் மேல் குப்பையும் சாம்பலும் மரக் கொட்டகைகளும் வளர்ந்தன.

அந்தக் குப்பைமேட்டை நோக்கிய கட்டிடத்தில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி இருந்தார். ஜாபிதாவைப் பார்த்துக் கடிதம் எழுதினால் சாமான்களைக் கிராமத்துக்கே அனுப்பி வைக்கும் வியாபாரத்தை 1872-இல் தொடங்கியவர் அவர். நாம் வி. பி. பி. தபாலில் சாமான் வரவழைத்ததற்கெல்லாம் அவரை ஒரு மூல புருஷர் என்று சொல்லலாம். 1890-இல் அவர் நகர சபையின் மேல் வழக்குத் தொடர்ந்தார். 1836-ஆம் வருஷத்துப் படத்தை நம்பி மனை வாங்கியவர்களின் பாத்தியதை என்னிடம் இருக்கிறது. படத்தில் சொன்னபடி நிலத்தைக் காலி செய்யுங்கள் என்பதுதான் அவருடைய வாதம்.

குப்பையையும் கொட்டகையையும் அகற்றச் சொன்னவரை ஊர் பொறுத்துக்கொண்டது. பின்னால் வந்ததுதான் சங்கடம். அந்த வெளியில் நகர மண்டபம் கட்டலாம், படைக் கொட்டில் கட்டலாம், புத்தக சாலை கட்டலாம் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மார்ஷல் பீல்டு என்ற கோடீசுவரர் 1906-இல் காலமானபோது ஒரு பொருட்காட்சி சாலைக்கு 80 லட்சம் டாலர் எழுதி வைத்தார். அதையும் அங்கேயே கட்ட வேண்டும் என்றார்கள். சூதாட்ட விடுதி கட்ட வந்தவனை எதிர்ப்பது எளிது. பொருட்காட்சி சாலையை எதிர்ப்பவனை என்னவென்று சொல்வது? கல்விக்கு விரோதி, ஊருக்கு விரோதி என்று பத்திரிகைகள் வார்டைத் திட்டித் தீர்த்தன. அவர் அசையவில்லை. ஒன்றுக்கு இடங்கொடுத்தால் இருபதுக்கு இடங்கொடுக்க நேரும் என்பது அவர் கண்ட உண்மை. 1897-க்கும் 1911-க்கும் இடையில் இல்லினாய் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் நான்கு தடவை அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று.

இத்தனைக்கும் 1909-இல்தான் அவர் தம் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறந்தார். ஜனங்களுக்கான பூங்காவை ஜனங்களின் இஷ்டத்துக்கு விரோதமாகவே காப்பாற்ற இவ்வளவு காலம் பிடிக்குமென்று முன்பே தெரிந்திருந்தால், இதில் இறங்கியிருப்பேனோ என்னவோ என்றாராம். 1913-இல் அவர் காலமானார். பொருட்காட்சி சாலை பூங்காவுக்குத் தெற்கே வேறிடத்தில் எழும்பி 1921-இல் திறக்கப்பட்டது. கல்விக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

தம் ஜன்னலிலிருந்து ஏரி தெரிய வேண்டுமென்ற சுயநலம் அவருக்கு இருந்திருக்கலாம். இருக்கட்டுமே! அந்த ஜன்னலுக்குத் தெரிந்த ஏரி, 300 ஏக்கருக்கு மேற்பட்ட கிராண்டு பூங்காவில் உலாவும் கூலிக்காரனுக்கும் தெரிகிறது. சித்திர சாலை எப்படி எழும்பிற்று என்று கேட்பீர்கள். அதற்கு மட்டும் எதிர் மனைக்காரர்களின் சம்மதத்தைக் கேட்டார்கள், வார்டும் இணங்கினார். விவேகானந்தரின் குரல் முழங்கிய இடம் என்பதால் அந்த விலக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு கட்டிடக்காரரும் அதையே காட்டி, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டிருப்பார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

படத்து வரி அந்த ஒரு பூங்காவைத்தான் காத்தது. மற்றக் கரைக்கு வேறொரு வழக்குத் துணையாயிற்று. 1869-இல் இல்லினாய் சட்டசபை, துறைமுகத்தை ஒட்டி ஏரியின் அடி நிலத்திலேயே 1,000 ஏக்கருக்கு மேல் அந்த ரயில்வே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கவர்னர் மறுத்தும் கேட்கவில்லை. ஜனங்கள் கொதித்து எழுந்த பிறகு, 1873-இல் சட்டசபையே தன் தானத்தை ரத்து செய்தது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கலாமா என்று கம்பெனி வழக்காடிற்று. 1892-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். ஏரியும் அதன் அடி நிலமும் ஜனங்களுக்காகச் சர்க்கார் வைத்திருக்கும் நம்பிக்கைச் சொத்து. கோயில் சொத்தைத் தர்மகர்த்தா விற்க முடியாததுபோல், சர்க்காரும் அதைத் தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். (கோயில் உவமை என்னுடையது.)

இந்தத் தீர்ப்பு பழைய கட்டுகளில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஹாலிவுட் சினிமா டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் சிகாகோ ஏரிக்கரையில் ஒரு பொருட்காட்சி சாலை கட்டித் தர 2014-இல் முன்வந்தார். மேயரும் ஆதரித்தார். கேட்ட இடமும் பூங்காவல்ல. மோட்டார் வண்டிகள் நிறுத்தும் தார் போட்ட மைதானந்தான். ஆனால் அது ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். 1975-இல் தோன்றிய 'பூங்காக்களின் நண்பர்கள்' என்ற சங்கத்தார், தார் இன்று இருக்கும், நாளை பெயர்க்கலாம். கட்டிடத்தைப் பெயர்க்க முடியுமா என்ற எண்ணத்துடன் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கைத் தள்ள நீதிபதி மறுத்துவிட்டார். 2016 ஜூன் மாதத்தில் லூகாஸ் தம் யோசனையைச் சிகாகோவிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். நல்லதொரு தர்மத்தை விரட்டிவிட்டார்களே என்று ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் வருத்தம். வார்டு காலத்து வசைகளை எல்லாம் சங்கத்தார் வட்டியுடன் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த 1892-ஆம் வருஷத்துத் தீர்ப்பு நம் தேசத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையில் ஒரு விடுதிக்காக நிலம் கொடுத்த விவகாரத்தில், நம் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பரில் இந்தச் சிகாகோ வழக்கை எடுத்துக் காட்டி, அதே நம்பிக்கைச் சொத்துத் தத்துவம் இந்தியாவிலும் சட்டமே என்று சொல்லிற்று. பத்து வருஷம் கழித்து, 2006-இல், திருப்பதி ஊர்ப் பிரமுகர்கள் சிலர் சேர்ந்து நடத்திய வழக்கில் மறுபடியும் அது பேசிற்று. அங்கே அவிலாலா, பேரூர் என்னும் இரண்டு ஏரிகளின் நிலத்தை வீடுகள் கட்டுவதற்காக ஆந்திர சர்க்கார் கொடுத்திருந்தது. வீடு கட்டுவதும் நல்ல காரியந்தானே! கட்டி முடித்தவற்றை இடிக்கும் காலம் கடந்துவிட்டது. மேற்கொண்டு கட்டலாகாது என்று தடுப்பதுதான் கோர்ட்டால் முடிந்தது. படியேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரும் நேயர்கள், கீழே இறங்கியதும் அந்த ஏரிகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

தமிழ்நாட்டில் 2007-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். அப்போது பொதுப்பணித் துறையின் வசமிருந்த ஏரிகளை அளந்து, எல்லையைக் குறித்து, படமும் பதிவேடும் தயாரித்து, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மற்ற ஏரி, குளம், குட்டைகளுக்கும் கிராமக் கணக்கில் ஒரு வரி உண்டு. 1980-இல் கர்ணம் போய், அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்திருக்கிறார். அவரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் உங்கள் ஊர் ஏரியின் சர்வே நம்பரும், விஸ்தீரணமும், அது இன்ன வகை நிலம் என்ற குறிப்பும் இருக்கும். கேட்டால் நகல் கிடைக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதை வாங்கிக்கொண்டு, கரைமேல் ஒரு சுற்று நடந்து, கணக்கில் உள்ள ஏக்கரும் கண்ணில் தெரியும் ஏக்கரும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள்.