பெயர் எழுதப்படாதவர்களுக்கு என்ன தீர்ப்பு?

2021 பிப்ரவரி 12. ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கருகிச் செத்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலை வேறொருவரிடம் குத்தகைக்குப் போய், அங்கிருந்து அறை அறையாகப் பிரிந்து உள்குத்தகைக்குப் போயிருந்தது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இந்த வழக்கை எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் தீர்ப்பாயம் அறிவித்த தொகையைக் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த குடும்பங்கள் உண்டு. தீர்ப்புக்கும் அது போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கும் நடுவே இருப்பது என்ன?

கடந்த சில ஆண்டுகளில் நாம் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடிய தீர்ப்புகள் பல. சிவில், குடும்பம், கிரிமினல் என மூன்றிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து, ஏழாயிரம்பண்ணையில் நின்று படித்துப் பார்ப்போம்.

முதலில் சிவில். 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார். மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. சமைத்ததும் துவைத்ததும் உழைப்புதான் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது சிறிய விஷயமல்ல.

ஆனால் பங்கு கேட்க முதலில் சொத்து வேண்டும். கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக நிலமே இல்லாதவர்களுக்கு எதில் சம பங்கு? சொந்த நிலமும் அதில் தண்ணீரும் இருந்திருந்தால், எத்தனை பெண்கள் விடியற்காலையில் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறியிருப்பார்கள்? நிலம் யாரிடம் இருக்கிறது, மருந்து அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சாதியைத் தவிர்த்துவிட்டு விளக்கிவிட முடியாது. அந்தப் பெண்களின் வீட்டு வேலை மட்டுமல்ல, ஆலை வேலையும் கணக்கில் வருவதில்லை. பீஸ் ரேட்டுக்கு உருட்டிய திரிக்கும் ஒட்டிய குழாய்க்கும் கூலி வரும். ஆனால் உள்குத்தகை அறையில் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுமா? வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் இழப்பீட்டுப் பொறுப்பு முதன்மை உரிமையாளரை விட்டு நீங்காது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. நூறாண்டுப் பழைய சட்டம். அந்தப் பொறுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும்.

அடுத்து குடும்பம். அண்ணா அரசு 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. உயிருக்குப் பயந்து ஓடிவரும் இணையர் ஊரைக் கூட்டி அறிவிக்க முடியாது என்ற எளிய உண்மை ஒருவழியாக நீதிமன்றத்துக்கு எட்டியது.

சாதி மறுத்து மணம் செய்த ஒருவர் பட்டாசு ஆலையில் இறந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழப்பீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிப்பார். திருமணத்தையே ஏற்காத ஊர், மனைவி என்று சாட்சி சொல்லுமா? பதிவுச் சான்று இல்லாவிட்டால், அவளுடைய திருமணம் செல்லுமா செல்லாதா என்பதை அந்த ஊர்தான் முடிவு செய்யும்.

கடைசியாக கிரிமினல். கண்ணகி–முருகேசன் வழக்கை நினைவுபடுத்திக்கொள்வோம். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் கடலூரில் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். ஜூலை 8 அன்று இருவருக்கும் நஞ்சூட்டிக் கொன்று எரித்தது கண்ணகியின் குடும்பம். பதிவேட்டில் பெயர் இருந்தும் காப்பாற்றவில்லை. அதைவிடக் கொடுமை, காவல் துறை முருகேசனின் சொந்த உறவினர்களையே குற்றவாளிகளாக எழுதியது. மகனைப் பறிகொடுத்தவர்கள் பக்கம் குற்றப் பட்டியலில் ஏறியது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறி, கடலூர் நீதிமன்றம் 2021இல் தண்டித்து, உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 28 அன்று உறுதி செய்ய 22 ஆண்டுகள் ஆயின. பொய் ஆதாரம் ஜோடித்த காவலர்களின் தண்டனையும் உறுதியானது. அந்த 22 ஆண்டுகளும் விடாமல் நின்ற குடும்பமும் வழக்கறிஞரும் இயக்கங்களும் இல்லாவிட்டால் இந்தத் தீர்ப்பே இல்லை.

மூன்று தீர்ப்புகளும் வரவேற்க வேண்டியவை. நீதிமன்றத்தால் பயனில்லை என்ற விரக்தி நமக்கு உதவாது. அம்பேத்கர் சட்டத்தைக் கையில் எடுத்தது அலங்காரத்துக்காக அல்ல. ஆனால் நீதிமன்றம் எழுத்தில் இருப்பதைத்தான் படிக்கும். யாருடைய பெயரை எங்கே எழுதுவது, எங்கே எழுதாமல் விடுவது என்பதை ஆலை மேஸ்திரியும், கிராம நிர்வாக அலுவலரும், காவல் நிலைய ரைட்டரும் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். சாதி அங்கேதான் வேலை செய்கிறது.

ஆகவே கோரிக்கைகளும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு பட்டாசு ஆலையிலும் அன்றாடம் உள்ளே போகிறவர்களின் பட்டியல் வாசலில் ஒட்டப்பட வேண்டும்; அதன் நகல் ஆலைக்கு வெளியே ஓர் அரசு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வெடித்தால் பதிவேடும் சேர்ந்து எரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். உள்குத்தகை கண்டுபிடிக்கப்பட்டால் லைசென்ஸ்தாரரே முதல் குற்றவாளி ஆக வேண்டும். தீர்ப்பாயத் தொகையை அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலிக்கட்டும். சாதி ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும். சாதி மறுப்பு இணையருக்குத் திருமணப் பதிவும் பாதுகாப்பும் ஒரே இடத்தில், அன்றே கிடைக்க வேண்டும்.

சட்டம் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒரு ஊருக்குப் போய் நான்கு நாள் உட்காருங்கள். யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, யாருக்கு இஎஸ்ஐ அட்டை இருக்கிறது, எந்த இணையர் இன்னும் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்று வீடு வீடாகக் கேளுங்கள். இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அடுத்த வெடிச்சத்தம் கேட்பதற்கு முன் அந்தப் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.