ஒரே கோட்டை, ஒரே வலை

சமய உரிமை என்றதும் நமக்குக் கிடைக்கவேண்டியதை மட்டுமே நாம் எண்ணுகிறோம். பிற சபையாருக்கு அது மறுக்கப்படும்போது, "தவறான போதனைக்கு உரிமை ஏது?" என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள்முன் ஒரு குடும்பத்தின் மடல்களை வைக்க விழைகிறோம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் சுவார்த்மூர் இல்லம். அதன் தலைவி மார்கரெட் ஃபெல். 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையைக் கேட்டு, அவரும் அவருடைய பெண்மக்களும் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சபையைத் தழுவினர். நாடெங்கும் சிறைப்பட்ட அச்சபையார் அவ்வில்லத்துக்கு எழுதினர். ஆறுதல் மொழியும் பொருளுதவியும் அங்கிருந்து சென்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட அம்மடல்களும் ஏடுகளும் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. புனித பவுலின் சிறைமடல்களைப் போற்றும் நமக்கு இவை அந்நியமாகலாமா?

1664இல் மார்கரெட்டையே லங்காஸ்டர் கோட்டையில் அடைத்தனர். அவர் செய்த குற்றந்தான் என்ன? தம் இல்லத்தில் வழிபாடு நடக்கவிட்டார். அரசருக்கு விசுவாசமாயிருப்பதாக ஆணையிட மறுத்தார். ஆணையிடவே கூடாது என்ற ஆண்டவரின் மலைப்பொழிவை அவர் அப்படியே கடைப்பிடித்தார். அந்த ஆணையுறுதி 1606இல் யாருக்காக இயற்றப்பட்டது? கத்தோலிக்கரைச் சிக்கவைப்பதற்காக! நமக்கென விரித்த வலையில் அவரும் அகப்பட்டார். அதே கோட்டையிலிருந்துதான் 1628இல் இயேசு சபைக் குரு புனித எட்மண்ட் ஆரோஸ்மித் கொலைக்களம் சென்றார்.

1689ஆம் ஆண்டின் சட்டம் குவேக்கருக்கு வழிபாட்டுரிமை அளித்து, கத்தோலிக்கரை விலக்கியது. நம்மை விலக்கியோரும் நம் போதனையைத் தவறென்றே கருதினர் என்பதை மறவோம். ஆயினும் குவேக்கரான வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவில், 1730களிலேயே பிலதெல்பியா நகரில் நம் திருப்பலி வெளிப்படையாக நிறைவேறியது. இங்கிலாந்தில் அது அப்போதும் சட்டவிரோதமாகவே இருந்தது.

சமய சுதந்திரம் மனித மாண்பில் வேரூன்றியது என்றும், உண்மையைத் தேடும் கடமையில் தவறியவருக்கும் அது உண்டு என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. திருச்சபை தெளிந்து கூறியதை நாம் ஏன் இன்னும் தயங்கித் தயங்கி ஏற்கிறோம்?

நம் பங்கின் எல்லைக்குள் வேறொரு சிறு சபையார் செபக்கூடம் எழுப்ப வரும்போது, தடைகோரி மனு எழுதும் கை எதுவாயினும், அது மார்கரெட்டைச் சிறைக்கு அனுப்பிய கையே. ஆரோஸ்மித்தைத் தூக்குமரத்துக்கு அனுப்பியதும் அதே கைதான். அக்கை நம்முடையதாக இராதிருக்கட்டும்.