இருபதினாயிரம் பேரோடு வருகிறவன்

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு சிறு உவமை சொல்கிறார். பதினாயிரம் வீரரையுடைய அரசன், இருபதினாயிரம் பேரோடு தன்மேல் வருகிறவனை எதிர்க்க இயலுமா என்று முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறான்; இயலாதெனில், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதனுப்பிச் சமாதானம் தேடுகிறான். சீடனாவதற்குரிய விலையைக் கணக்கிடச் சொல்லப்பட்ட உவமை அது, அரசியல் போதனையன்று. ஆயினும், சென்ற மாதம் பங்கு இளைஞர் கூட்டத்தில் ஒரு தம்பி, "சாமி, கொடுங்கோலனோடு ஒப்பந்தம் செய்துகொள்வது பாவமில்லையா?" என்று வினவியபோது, நம் நினைவுக்கு வந்தது இவ்வுவமைதான். கூடவே ஒரு நாடும் வந்தது. அது பின்லாந்து.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள அந்நாட்டில் 1939-இல் வாழ்ந்தோர் நாற்பது இலட்சத்திற்கும் குறைவு. பெரும்பாலோர் லூத்தரன் சபையினர். கத்தோலிக்கர் மிகச் சிலரே. கிழக்கே நெடுந்தூரம் ஒட்டிக் கிடந்தது ஸ்டாலினின் சோவியத் நாடு. அவ்வாண்டு ஸ்டாலின் எல்லை நிலத்தையும், படைத்தளம் அமைக்க இடத்தையும் கேட்டார். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் தளங்களுக்கு இசைந்தன. மறு ஆண்டே விழுங்கப்பட்டன. பின்லாந்து மறுத்தது. நவம்பர் 30-ஆம் நாள் தொடங்கிய போர் 105 நாட்கள் நீடித்தது. நாட்டின் பத்தில் ஒரு பகுதி பறிபோயிற்று. கரேலியா நிலத்து மக்கள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்தனர். நாடு மட்டும் பிழைத்தது. பின்னர் 1941-இல் அது ஹிட்லரின் படையோடு சேர்ந்து மீண்டும் போரிட்டது. அக்கறையை நாம் மறைக்கலாகாது. 1944-இல் அப்போரிலும் தோற்றது.

இதன் பிறகே நம் உவமையின் அரசன் மேடைக்கு வருகிறார். பாசிகிவி என்பவர், எழுபது வயதைக் கடந்த முதியவர், வங்கியாளராய் இருந்தவர், 1939-இல் மாஸ்கோவில் பேச்சு நடத்திய அனுபவசாலி. 1944-இல் பிரதமராகி, 1946 முதல் பத்தாண்டுகள் குடியரசுத் தலைவராய் இருந்தார். அண்டை நாட்டான் உண்மையில் அஞ்சுவது எதற்கு என்பதே அவர் கேட்ட கேள்வி. லெனின்கிராடு நகரின்மேல் பின்லாந்து வழியாக எவரேனும் பாய்வரோ என்பதே அவ்வச்சம் என்று அவர் கணித்தார். அந்த அச்சத்தைத் தீர்ப்போம். நம் வீட்டிற்குள் நாமே எசமானராய் இருப்போம் என்பது அவர் வகுத்த நெறி. 1948 ஏப்ரலில் கையெழுத்தான நட்புறவு உடன்படிக்கை இதையொட்டியதே. அதன்படி பின்லாந்து போரிட வேண்டியது தன் மண்ணில், தன் எல்லையைக் காக்க மட்டுமே. அதே ஆண்டு பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிஸ்டு ஆட்சிக்குள் வீழ்ந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும். முப்பது கோடி டாலர் போர் இழப்பீட்டைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் 1952-க்குள் அடைத்துத் தீர்த்தார்கள். ஐம்பதாண்டுக் குத்தகைக்குக் கொடுத்த பொர்க்கலா தளம் 1956-இலேயே திரும்பக் கிடைத்தது. பாராளுமன்றம், தேர்தல், நீதிமன்றம், கோவில் யாவும் நிலைத்தன.

குருமடத்தில் நமக்குக் கற்பித்த புனித தோமாஸ் அக்குவினாஸ், விவேகத்தைத் தலையான புண்ணியங்களுள் முதலாவதாக வைக்கிறார். அதைப்போலவே தோற்றமளிக்கும் போலி விவேகங்களும் உண்டென்று எச்சரிக்கிறார். பின்லாந்தில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. மாஸ்கோ முகஞ்சுளிக்குமென்று 1947-இல் அமெரிக்காவின் மார்ஷல் உதவியை மறுத்தது விவேகமே என்போம். ஆனால் போர்க்காலத் தலைவர் ரிஸ்தோ ருயிட்டியை, செயல் நடந்த பின் இயற்றிய சட்டத்தைக் கொண்டு விசாரித்துப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்ததை நீதி என்பதற்கு நம் நா எழவில்லை. 1974-இல் சோல்செனிட்சினின் 'குலாக்' நூலை வெளியிடப் பின்லாந்தின் பெரிய பதிப்பகங்கள் முன்வரவில்லை. முதற்பகுதி அண்டை நாடான சுவீடனில் அச்சாகி வந்தது. பாசிகிவிக்குப் பின் வந்த கெக்கோனென், மாஸ்கோவின் நம்பிக்கைக்குரியவர் தாமே என்னும் நிலையைக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1973-இல் தேர்தலின்றியே தனிச்சட்டத்தால் அவர் காலம் நான்காண்டு நீட்டப்பட்டது. அயலானுக்காக வாயை மூடிப் பழகியவர், பிறகு தம் வீட்டிலும் உரக்கப் பேச மறந்துவிடுவர் போலும்.

எனினும் அதே கெக்கோனென்தான் 1975-இல் முப்பத்தைந்து நாட்டாரை ஹெல்சிங்கியில் ஒரே மேசையில் அமர்த்தினார். திருப்பீடத்தின் சார்பில் பேராயர் கசரோலி கையெழுத்திட்டார். எல்லைகளுக்கு அங்கீகாரம் கிடைத்ததென்று சோவியத் தலைவர்கள் மகிழ்ந்தனர்; மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் சுதந்திரமும் அதே ஏட்டில் எழுதப்பட்டதை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. மறு ஆண்டே லித்துவேனியாவில் அவ்வாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குழு எழுந்தது. அதில் கருத்கஸ் என்னும் இயேசு சபைக் குரு ஒருவரும் இருந்தார்.

உக்ரேன் போருக்குப் பின் பின்லாந்து மனம் மாறி, 2023 ஏப்ரல் 4-ஆம் நாள் நேட்டோ அமைப்பில் சேர்ந்தது. பணிந்து பேசிய ஆண்டுகளிலும் கட்டாயப் படைப்பயிற்சியை அது கைவிட்டதில்லை என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொன்னோம்.

அவர் விடவில்லை. "அப்படியானால் சரிதானே, சாமி?" என்றார். இங்கிரியர்களைப் பற்றிச் சொன்னோம். லெனின்கிராடு நகரைச் சுற்றி வாழ்ந்த பின்லாந்து மொழியினர் அவர்கள். போரின்போது அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் பின்லாந்திற்குக் கொண்டுவரப்பட்டனர். 1944 உடன்பாட்டிற்குப் பின் ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் சோவியத் நாட்டிற்குத் திரும்பினர். வீட்டிற்குப் போகிறோம் என்று நம்பி இரயிலேறியோர் பலர். இரயிலோ வேறு மாநிலங்களில் அவர்களை இறக்கிவிட்டது. தங்கிவிட்டவர்களிலும் பலர், திருப்பி அனுப்பப்படுவோமென்று அஞ்சிச் சுவீடனுக்கு ஓடினர். உவமையின் அரசன் கேட்ட சமாதான நிபந்தனையில் இவர்களும் ஒரு பகுதி.

1990 ஏப்ரலில் அதிபர் கொய்விஸ்தோ, இங்கிரியர் பின்லாந்திற்குத் திரும்பி வரலாமென அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இரயில்கள் புறப்பட்டு அப்போது நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.